சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கும் பள்ளிக்கூடம்

செட்டிநாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தின் வரலாற்றைக் கேட்டால் முதலில் கல்வெட்டைக் காட்டுவார்கள். வாசலில் கண்ணுக்கு நேரே சலவைக்கல் பதித்திருக்கும். இன்ன ஊர் இன்னார் குமாரர் இன்னார் கட்டிக்கொடுத்தது, திறந்து வைத்தவர் இன்னார். உள்ளே தலைமையாசிரியர் அறையில் சந்தன மாலை போட்ட படம். ஆண்டு விழா மலரைப் புரட்டினாலும் முதல் பக்கங்கள் எல்லாம் அதே செய்திதான். கொடுத்தவர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் கொடுத்திராவிட்டால் என் வீட்டில் இரண்டு தலைமுறை எழுத்து வாசனை இல்லாமலே போயிருக்கும். ஆனாலும் அந்தக் கல்வெட்டு, கட்டடம் எப்படி வந்தது என்பதோடு நின்றுவிடுகிறது. யார் யார் அந்தப் படி ஏறினார்கள், எந்த வகுப்போடு இறங்கிப் போனார்கள், எதனால் போனார்கள் என்று தெரிய வேண்டுமானால் அலுவலக அறைக்குப் போக வேண்டும். பின்சுவரை ஒட்டிய இரும்பு பீரோவில், காலிக்கோ அட்டை போட்ட பெரிய பெரிய நோட்டுகள் இருக்கும். சேர்க்கைப் பதிவேடுகள்.

நான் படித்தது காரைக்குடி வட்டாரத்தில் உள்ள அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில். பெயரை எழுதவில்லை, நான் சொல்லப்போவது இந்தப் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றுக்கும் பொருந்தும். பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடலாம் என்று பேச்சு வந்தபோது, பழைய ஆவணங்களைப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. அலுவலக உதவியாளர் அண்ணன் ஒவ்வொரு நோட்டாக எடுத்து, துணியால் தட்டி, மேசையில் வைத்தார். "மெதுவாப் புரட்டுங்க சார், தாள் அப்பளமா நொறுங்குது" என்றார். அன்றிலிருந்து அந்த நோட்டுகளை விட்டு என் மனம் நகரவில்லை.

பள்ளிக்கூடம் வருவதற்கு முன்னாலும் செட்டிநாட்டில் படிப்பு இருந்தது. அது திண்ணைப் படிப்பு. அண்ணாவி என்ற ஆசிரியர் மணலைப் பரப்பி அரிச்சுவடி எழுத வைப்பார். பிறகு ஆத்திசூடி, கொன்றை வேந்தன், அதன் பிறகு எண்சுவடி. எண்சுவடியில்தான் செட்டிநாட்டின் உயிர் இருந்தது. ஒன்றை 320 பங்காக்கினால் ஒரு பங்கு முந்திரி. நாலு முந்திரி ஒரு காணி, அதாவது 80இல் ஒன்று. நாலு காணி ஒரு மா, 20இல் ஒன்று. ஐந்து மா சேர்ந்தால் கால். நடுவே அரைக்காணி, முக்காணி, அரைமா, மாகாணி, அரைக்கால் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி எழுத்து. இவற்றை ஒன்றோடொன்று பெருக்கி வரும் விடைகளைப் பையன்கள் கூட்டமாகக் கத்திப் பாடம் பண்ணினார்கள். 800 ரூபாய்க்கு முக்கால் வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் முக்கால் ரூபாய், என்றால் மாதத்துக்கு 6 ரூபாய். 17 நாளைக்கு எவ்வளவு? 3 ரூபாய் 6 அணா, 5 தம்படிக்குக் கொஞ்சம் குறைவு. இதைக் காகிதம் தொடாமல் சொல்லத் தெரிந்த பையன்தான் கப்பலேறத் தகுதியானவன். என் சிறுவயதில் எங்கள் தெருவில் கொழும்பிலிருந்து திரும்பிய பெரியவர் ஒருவர் இருந்தார். மளிகைக் கடைச் சிட்டையை வாசிக்க வாசிக்க, கண்ணை மூடிக்கொண்டு கூட்டி, வீசம் பிசகாமல் சொல்வார். கடைக்காரரின் கால்குலேட்டர் அவருக்குப் பின்னால்தான் வரும்.

அந்தக் கணக்குப் படிப்புக்கு ஓர் இலக்கு இருந்தது. மீசை முளைக்காத வயதில் ரங்கூனுக்கோ பினாங்குக்கோ சைகோனுக்கோ கொழும்புக்கோ போய், வட்டித் தொழில் நடக்கும் கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாகச் சேர வேண்டும். பிறகு அடுத்தாள். திறமை இருந்தால் மேலாள். மூன்று வருடக் கணக்கு முடித்து ஊர் வந்து, கொஞ்ச காலம் இருந்து, மறுபடி பயணம். ரங்கூன் மொகல் தெருவில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள் என்றால், அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் கல்வித் தகுதி பெரும்பாலும் இந்தத் திண்ணைதான். அவர்கள் படித்த படிப்பை அரைகுறை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். தன் தொழிலுக்கு வேண்டியதை இவ்வளவு கச்சிதமாகச் சொல்லிக்கொடுத்த பள்ளி அரிது.

ஆனால் அந்தத் திண்ணை எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. பெண்பிள்ளைகள் பெரும்பாலும் அதில் ஏறவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அந்தத் தெருவிலேயே நடக்க முடியாது. நம் பள்ளி மலர்கள் சொல்லாமல் விடுகிற செய்தி ஒன்று உண்டு. அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் 1930இல் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931இல் அவை பதினொன்றாகப் பெருகின. என்ன உடுத்தலாம், என்ன நகை போடலாம், எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் எடுக்கலாம் என்று தொடங்கிய அந்தப் பட்டியலில், அவர்களுடைய பிள்ளைகள் எழுத்துப் படிக்கக்கூடாது என்பதும் ஒரு விதி. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். செட்டிநாட்டின் பெரும்பகுதியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் வாசல் எப்போது, யாருக்காகத் திறந்தது என்ற கேள்வி எனக்கு ஏன் இவ்வளவு முக்கியமாகப் படுகிறது என்பதற்கு இது போதும்.

சம்பாதித்ததைக் கோவிலுக்குக் கொடுத்து வந்த கை பள்ளிக்கும் கொடுக்கத் தொடங்கியது ஒரே நாளில் நடந்ததல்ல. 1909இல் மேலைச்சிவபுரியில் தமிழ் வளர்க்கும் சன்மார்க்க சபை ஏற்பட்டது. அதன் பின்னால் நின்றவர் பண்டிதமணி மு. கதிரேசன் செட்டியார். கால் ஊனமான அவர் பள்ளிக்கூடம் போனது சொற்பம். தானாகவே தமிழும் வடமொழியும் கற்று, பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். காரைக்குடியில் 1917இல் இந்து மதாபிமான சங்கம் பிறந்தது. கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியார் 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதுவே 1929இல் பல்கலைக்கழகமாயிற்று. ஊர்தோறும் வித்தியாசாலை என்ற பெயரில் பள்ளிகள் வந்தன. பல பள்ளிகள் தொடங்கியது வீடுகளில். முகப்பில் தலைமையாசிரியர், வளவில் வகுப்பு, பட்டாலையில் இன்னொரு வகுப்பு. பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டு வாய்ப்பாடு சொன்ன தலைமுறை அது.

எங்கள் பள்ளியின் மிகப் பழைய பதிவேட்டில் பெயர்ப் பத்தியைப் பார்த்தாலே காலம் தெரியும். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், வீட்டுப் பிள்ளைகளுக்கு விலாசம் என்ற முன்னெழுத்து நீளம்: மூன்று எழுத்து, நாலு எழுத்து, சிலருக்கு ஐந்து. பாட்டன், பூட்டன், கடையின் பெயர் எல்லாம் அந்த எழுத்துகளில் அடங்கும். எழுதிய குமாஸ்தா, பத்தியின் கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் போய்விடுவார். பக்கத்துக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் ஒற்றை எழுத்து முன்னெழுத்து. வருடம் போகப் போக இது தலைகீழாகிறது. ஐம்பதுகளின் முடிவில் ஒற்றை எழுத்துக்காரர்கள் பக்கத்தை நிறைக்கிறார்கள். தகப்பனார் தொழில் என்ற பத்தியிலும் அதே மாற்றம். முதலில் வட்டித் தொழிலைக் குறிக்கும் "லேவாதேவி", "லேவாதேவி", அதன் கீழே மேற்படி, மேற்படி என்று குறியாகப் போகிறது. பிறகு "விவசாயம்" வருகிறது, "கொத்து வேலை" வருகிறது, "வண்டி", "சலவை", "கூலி" வருகின்றன. ஒரு நாட்டின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாராலும் எழுத முடியாது என்று எனக்குத் தோன்றியது.

அந்த மாற்றத்தின் நடுவே ஒரு கொந்தளிப்பான பக்கம் இருக்கிறது. பள்ளிச் சேர்க்கை என்றால் ஜூன் மாதம். அந்தக் காலத்துப் பக்கங்களில் தேதிகள் எல்லாம் ஜூனில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். பிறகு வருடம் முழுவதும் ஏறக்குறைய வெறுமை. 1942 மட்டும் அப்படி இல்லை. மாசி, பங்குனி, சித்திரை என்று வருடத்தின் நடுவிலெல்லாம் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். முன் படித்த பள்ளி என்ற இடத்தில் ரங்கூன். 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மீது குண்டு போட்டன. அடுத்த மார்ச்சில் நகரமே விழுந்தது. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில், கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்து வந்தார்கள். வந்து சேர்ந்தவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று பிள்ளையைக் கொண்டுபோய்ப் பள்ளியில் விட்டது. போட்டதைப் போட்டபடி விட்டு வந்தவர்கள், மாற்றுச் சான்றிதழுக்கு எங்கே போவார்கள்? அந்தக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறார்கள். சான்றிதழ் இல்லாமலே சேர்த்துக்கொண்ட அந்தத் தலைமையாசிரியரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ரங்கூன் போனதால் என்ன போயிற்று என்பதை ஒரு கணக்கில் சொல்லலாம். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடனைத் திருப்ப முடியாதவர்களின் நிலம் கடன் கொடுத்தவரிடம் வந்து, 1937-38க்குள் அது 25 விழுக்காடாயிற்று. கையில் இருந்த பணம் வயலாக மாறிப்போனது. வயலைக் கப்பலில் ஏற்ற முடியாது. பர்மா விடுதலை பெற்றதும் நிலச் சட்டங்கள் வந்தன. மீதி நம்பிக்கையும் போயிற்று. கடலுக்கு அப்பால் போய்ப் பிழைக்கும் வழி அடைபட்டதும், பெட்டியடிப் பையனை உருவாக்கிய எண்சுவடிக்கு வேலை இல்லாமல் போனது. இனி எஸ்.எஸ்.எல்.சி. வேண்டும், அதற்கு மேல் கல்லூரி வேண்டும் என்ற நிலை நகரத்தார் வீடுகளுக்கே வந்தது.

இந்த இடத்தில் கோட்டையூர் அழகப்பச் செட்டியாரைச் சொல்லாமல் நகர முடியாது. 1947 ஜூலையில் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. அங்கே சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார், பல்கலைக்கழகம் இருக்கும் ஊர்களுக்கு வெளியே கல்லூரி தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டார். கூட்டத்திலிருந்த அழகப்பர் எழுந்து, காரைக்குடியில் நான் தொடங்குகிறேன் என்றார். அடுத்த மாதமே, நாடு விடுதலை பெறுவதற்குச் சில நாள் முன்பு, காந்தி மாளிகையில் கல்லூரி தொடங்கிவிட்டது. அந்த வேகத்தை இன்று நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். நேரு 1948 ஜூலை 25இல் அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, தொழில்நுட்பப் பயிலகம், உடற்கல்விக் கல்லூரி, மாதிரிப் பள்ளி, மழலையர் பள்ளி என்று அடுத்தடுத்து வந்தன. 1957இல், 48 வயது நிறைவதற்கு ஒரு நாள் இருக்கும்போது, காலமானார். இந்தக் கதையை எல்லாரும் கல்லூரிக் கதையாகச் சொல்கிறார்கள். நான் அதைப் பள்ளிக்கூடக் கதையாகப் பார்க்கிறேன். பக்கத்திலேயே கல்லூரி வந்தபோதுதான் எங்கள் பள்ளியில் பதினோராவது வரை (அன்றைய எஸ்.எஸ்.எல்.சி. அதுதான்) பிள்ளைகளை வைத்திருக்க ஒரு காரணம் கிடைத்தது. பக்கத்திலேயே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்தபோதுதான் எங்கள் ஊர்ப் பிள்ளைகளே எங்களுக்கு ஆசிரியர்களாக வந்தார்கள்.

அதே லட்சுமணசுவாமி முதலியாரின் கை பள்ளி வகுப்பறைக்குள்ளும் வந்தது. அவர் தலைமையில் 1952-53இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, எல்லாப் பிள்ளைகளையும் கல்லூரியை மட்டும் பார்த்து நடக்கச் சொல்லும் ஒற்றைப் பாதைப் படிப்பு போதாது, ஒரே பள்ளியில் பல வகைப் படிப்பும் கிடைக்க வேண்டும் என்று சொன்னது. பல்நோக்கு உயர்நிலைப் பள்ளி என்பது அந்தக் குழுவின் பெரிய யோசனை. நம் பக்கத்தில் அதைப் போன்ற ஏற்பாடு "பைஃபர்கேட்டட் கோர்ஸ்" என்ற பெயரில் இருந்தது. மேல் வகுப்புக்கு வந்ததும் பொதுப் பாடத்தோடு பொறியியலோ, நெசவோ, விவசாயமோ, செயலர் பயிற்சியோ எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பள்ளியின் கிழக்கு ஓரத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை இருந்தது. நான் படித்த காலத்தில் அதில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்தார்கள். என் அப்பா காலத்தில் அங்கே இழைப்புளி ஓடிற்று. மரத்தில் பொளி போட்டு மூலை இணைப்பது எப்படி என்று அப்பா கடைசிவரை மறக்கவில்லை. வீட்டுக் கதவு மழைக்கு ஊதிக்கொண்டால் தச்சரைக் கூப்பிட மாட்டார். அவரே கழற்றி, சீவி, மாட்டிவிடுவார். அவர் பார்த்தது எழுத்தர் வேலை.

என் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, கொத்தனார். சுண்ணாம்பை அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, சுவரைக் கண்ணாடியாகத் தேய்க்கிற கூட்டத்தில் ஒருவர். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அப்பாவின் சேர்க்கைப் பக்கத்தில் காப்பாளர் கையெழுத்து என்ற இடத்தில் அவருடைய இடது கைப் பெருவிரல் ரேகை இருக்கிறது. மை கொஞ்சம் அதிகம். கோடுகள் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன. சுண்ணாம்பில் வேலை செய்கிறவர்களுக்கு ரேகை தேய்ந்துபோகும் என்று அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் அப்பாவின் பிறந்த தேதி ஜூன் முதல் தேதி. அப்பா பிறந்தது ஐப்பசி அடைமழையில் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் பாதிப் பேர் ஜூனில்தான் "பிறந்திருக்கிறார்கள்". தலைக்கு மேல் கையைச் சுற்றி எதிர்ப்பக்கக் காது எட்டுகிறதா என்று பார்த்து, எட்டினால் ஐந்து வயது என்று எழுதிக்கொண்ட காலம். வயதைத் தெரியாத தகப்பன்மார் பிள்ளையைக் கூட்டி வந்ததும், வாத்தியார் தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொண்டதும் அந்தப் பக்கத்தில் அப்படியே பதிந்திருக்கின்றன. சேர்க்காமல் திருப்பி அனுப்ப ஆயிரம் காரணம் இருந்த காலத்தில், சேர்ப்பதற்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்த வாத்தியார்கள் அவர்கள்.

இந்தக் கூட்டம் உள்ளே வந்ததற்கு ஊரின் நல்ல மனம் மட்டும் காரணமல்ல. காமராசர் 1954இல் முதலமைச்சரானார். 1956இல் மதிய உணவு தொடங்கிற்று. அறுபதுகளின் நடுவுக்குள் எஸ்.எஸ்.எல்.சி. வரை கட்டணம் இல்லாத படிப்பு எல்லாருக்கும் வந்துவிட்டது. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார். மணி, கடிகாரம், பெஞ்சு, கரும்பலகை என்று ஊரார் கொண்டுவந்து குவித்தார்கள். வள்ளல் ஒருவர் கட்டிய பள்ளி, அரசாங்கச் சோறும் சம்பளமும் ஊரார் கொண்டுவந்த பெஞ்சும் சேர்ந்தபோதுதான் எல்லாருக்குமான பள்ளியாக ஆனது. வள்ளலைச் சொல்லி, அரசாங்கத்தை விட்டுவிடுவது தவறு. அரசாங்கத்தைச் சொல்லி, பசியோடு வந்த பிள்ளைக்குத் தன் சோற்றைப் பிரித்துக்கொடுத்த வாத்தியாரை விடுவதும் தவறு.

பெண்பிள்ளைகளின் பக்கங்களைப் படிப்பது கடினம். புதுக்கோட்டை நமக்குப் பக்கத்து ஊர். செட்டிநாட்டு ஊர்கள் சில அந்தச் சமஸ்தானத்திலேயே இருந்தவை. அங்கே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துலட்சுமி ரெட்டி ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் சேர மன்னரின் அனுமதி வேண்டியிருந்தது. பல பத்தாண்டு கழித்தும் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு அதே தூரத்தில்தான் இருந்தது. எங்கள் பள்ளியில் எட்டு வரை இருபாலரும். அதற்கு மேல் பெண்கள் பக்கத்து ஊர்ப் பெண்கள் பள்ளிக்குப் போக வேண்டும். நீங்கிய காரணம் என்ற பத்தியில் பையன்களுக்கு "மேற்படிப்பு", "ஊர் மாற்றம்", "தொடர்ந்து வராமை" என்று பல காரணங்கள். பெண்களுக்குப் பக்கம் பக்கமாக ஒரே காரணம்: "பெற்றோர் விருப்பம்". என் அத்தையின் பெயருக்கு நேரேயும் அதுதான்.

போன் போட்டு, "அத்தை, ஒங்க பேரு இதுல இருக்கு" என்றேன். "என்ன எழுதியிருக்கு, வாசி" என்றார். வாசித்தேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "யாரு விருப்பம்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்ல" என்றார். அத்தை கணக்கில் கெட்டிக்காரர். மகளிர் குழுவின் கணக்கு நோட்டு இன்றைக்கும் அவர் கையில்தான் இருக்கிறது. வங்கிக்காரர்கள் ஒரு வரியில்கூடத் தப்புக் கண்டதில்லை. பக்கத்து ஊர் நாலு மைல். அந்த நாலு மைல்தான் அவர் படிப்பை முடித்தது. எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் கூட்டமாக அரசு கொடுத்த மிதிவண்டியில் அதே சாலையில் பள்ளிக்குப் போனதை அத்தை வாசலில் நின்று பார்ப்பார். அந்தக் காட்சியைக் காண 2000க்குப் பிறகு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1978இல் தமிழ்நாடு முழுக்க மேல்நிலைக் கல்வி வந்தது. கல்லூரியில் இருந்த புகுமுக வகுப்பு எடுக்கப்பட்டு, பதினொன்றும் பன்னிரண்டும் பள்ளிக்கு வந்தன. எங்கள் பள்ளியும் உயர்நிலையிலிருந்து மேல்நிலை ஆயிற்று. பெயர்ப்பலகையில் சேர்ந்த அந்த ஒரு சொல்லுக்காக ஆய்வகம் கட்ட வேண்டியிருந்தது, முதுகலை ஆசிரியர் வேண்டியிருந்தது. தொழிற்பாடப் பிரிவுகளும் கூடவே வந்ததால், பட்டறைக்கு மறுபடி கொஞ்ச காலம் உயிர் வந்தது. நான் வேதியியல் படித்தது அந்த ஆய்வகத்தில்தான். கிப்ஸ் உபகரணத்தின் அழுகிய முட்டை நாற்றம் சத்துணவுக் கூடம் வரைக்கும் போகும்.

பிறகு வந்த சரிவை நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். மஞ்சள் வேன்கள் வந்தன. ஆங்கிலவழிப் பள்ளிகள் வந்தன. என் வகுப்புத் தோழர்களே தங்கள் பிள்ளைகளை அங்கே சேர்த்தார்கள். அரசு உதவி பெறும் பள்ளியின் இயக்கம் வெளியாருக்குத் தெரியாது. அதை மட்டும் சொல்கிறேன். ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தருகிறது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்வது நிர்வாகத்தின் பொறுப்பு. எத்தனை ஆசிரியர் என்பதைப் பிள்ளைகளின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. பிள்ளை குறைந்தால் ஆசிரியர் உபரி ஆகிறார். உபரி ஆனவர் வேறு பள்ளிக்குப் போகிறார். பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று இன்னும் நாலு பெற்றோர் பிள்ளையை எடுக்கிறார்கள். நிர்வாகக் குடும்பங்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றன. கூரை ஓடுகளைப் பிரித்து மாட்டவும் ஆள் கூப்பிட வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் நடுவே அங்கே இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்றைய பதிவேட்டில் தகப்பனார் தொழில் பத்தியில் கட்டட வேலை, ஆட்டோ, வெளிநாட்டில் ஓட்டுநர். முன் படித்த பள்ளி பத்தியில் அபூர்வமாகப் பீகாரும் ஒடிசாவும்கூடத் தென்படுகின்றன. சான்றிதழ் இல்லாமல் வந்த ரங்கூன் பிள்ளைகளின் வரிசையில்தான் நான் இவர்களையும் வைத்துப் பார்க்கிறேன். இந்தப் பள்ளி இன்றைக்கும் தேவைப்படுகிறவர்கள் இவர்கள்.

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற மனிதர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதுவது அவர் தொழில். மற்றவர்கள் பழசு என்று கழித்த புத்தகம், இதழ், துண்டு நோட்டீஸ் எல்லாவற்றையும் வாங்கிச் சேர்த்தார். அவர் காலத்துக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையில் நூலகமாக நிலைக்க வைத்தது. அச்சுத் தமிழுக்கு அப்படி ஒரு மனிதர் செட்டிநாட்டிலிருந்து கிடைத்தார். பள்ளிப் பதிவேட்டுக்கு அப்படி யாரும் கிடைக்கவில்லை. சேர்க்கைப் பதிவேடு நிரந்தரமாக வைத்திருக்க வேண்டிய ஆவணம் என்பது விதி. அதனால் எரிக்க மாட்டார்கள். ஆனால் கறையானுக்கு விதி தெரியாது. மழைத் தண்ணீருக்கும் தெரியாது. எங்கள் பள்ளியில் இரண்டு நோட்டுகளின் நடுப்பக்கங்கள் ஒட்டிக் கட்டியாகிவிட்டன.

பதிவேட்டைப் படமெடுத்து வைக்க வேண்டும் என்று சொன்னதும் சிலர் தயங்கினார்கள். தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. அதில் சாதி இருக்கிறது, வீட்டு நிலை இருக்கிறது. உயிரோடு இருப்பவர்களின் பக்கங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் போடுவதை நானும் ஏற்க மாட்டேன். படமெடுத்துப் பள்ளியில் ஒரு படி, வெளியே பொறுப்பான இடத்தில் ஒரு படி. பழைய பக்கங்களை மட்டும் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குத் தலைமையாசிரியர் அனுமதியோடு காட்டலாம். நான் கேட்பது இவ்வளவுதான். கூடவே வீட்டில் இருக்கும் பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகங்களையும் கேட்கிறேன். இப்போது வருவதுபோல ஒற்றைத் தாள் அல்ல அது, சின்னப் புத்தகம். உள்ளே அங்க அடையாளம் எழுதியிருக்கும்: வலது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம், இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு. குழுப் படம் இருந்தால் பின்பக்கத்தில் பெயர்களைப் பென்சிலால் எழுதி வையுங்கள். முன்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களின் பெயர் எல்லாருக்கும் தெரியும். பின்னால் பெஞ்சின் மேல் நிற்பவர்களின் பெயர்தான் போய்க்கொண்டிருக்கிறது.

பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் திரட்டிய பணத்தை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. பாதிப் பேர் வாசலில் அலங்கார வளைவு வேண்டும் என்றார்கள். நான் பதிவேட்டைச் சொன்னேன். வயதில் மூத்த அண்ணன் ஒருவர், துபாயில் கட்டட மேற்பார்வையாளராக இருந்து திரும்பியவர், இரண்டையும் கேட்டுவிட்டு, "மொதல்ல அந்த ஆபீஸ் ரூம் ஒழுகுதா இல்லியா, அதச் சொல்லுங்கப்பா" என்றார். ஒழுகுகிறது. பீரோவுக்கு நேர் மேலே. மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய பாணிக் கூரையைப் பிரித்துப் போடத் தெரிந்த ஆளைத் தேட வேண்டும் என்று முடிவாகி, ஐயாவோடு வேலை பார்த்தவரின் மகன் பள்ளத்தூரில் இருக்கிறார் என்று நான் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். ஐப்பசிக்கு முன் கூரை வேலை முடிந்தால் தை மாதத்தில் படமெடுக்கத் தொடங்கலாம்.